பதில் தட்டிய ஃபில்டர்

இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரமெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு நாளும் என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன், எங்கே தப்பு விட்டேன் என்று எழுதிவைப்பது என் வழக்கம். அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால், இதெல்லாம் என் மூளை செய்த கோளாறு என்று நானே எப்போதோ முடிவுகட்டியிருப்பேன். என் மேல் எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை.

பகலில் எனக்கு ஒரு காது பரிசோதனை மையத்தில் வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். சத்தம் கேட்டால் அவர் அமுக்க வேண்டும். அமுக்கிய உடனே நான் சத்தத்தை நிறுத்திவிட்டு, அடுத்ததைப் பத்து டெசிபல் குறைத்துக் கொடுப்பேன். கேட்காவிட்டால் ஐந்து கூட்டுவேன். இப்படியே இறங்கி ஏறி, அவருக்குக் கேட்கிற கடைசிப் புள்ளியைப் பிடித்துத் தாளில் குறிக்க வேண்டும். கனத்த சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். நாளைக்குப் பதினைந்து பேர். மூன்று வருடமாக இதே வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன்.

மாலையில் மாடுலர் சிந்தசைசர் வகுப்பு. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் நான்காவது மாடியில், செவ்வாயும் வெள்ளியும், ஆறரையிலிருந்து எட்டரை வரை. சிந்தசைசர் என்றதும் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை நினைத்துவிட வேண்டாம். இது ஒரு பெரிய பெட்டி. அதில் பலகை பலகையாகக் குமிழ்களும் ஓட்டைகளும். எந்த ஓட்டையை எந்த ஓட்டையோடு கேபிளால் இணைக்கிறோமோ, அதற்கேற்பச் சத்தம் பிறக்கும். இணைக்காவிட்டால் ஒன்றும் பிறக்காது. எனக்குத் தெரிந்த இயற்பியலும் மாஸ்டருக்குத் தெரிந்த இயற்பியலும் அதைத்தான் சொல்கின்றன.

எங்கள் மாஸ்டருக்கு ஃபில்டர் என்றால் உயிர். வருகிற சத்தத்தில் ஒரு பகுதியை விட்டு மிச்சத்தைத் தடுக்கிற பலகை அது. கையால் குமிழைத் திருப்பினால் திறக்கும், மூடும். வோல்டேஜ் அனுப்பினால் கை படாமலே திறந்து மூடும். புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. மாஸ்டருக்கு அது போதாது.

"வடிகட்டுறதுக்கு மட்டும்னா சமையக்கட்டுல இருக்கு வடிகட்டி, அத எடுத்துட்டு வாங்க. இது வாத்தியம்மா. வாசிக்கணும்."

வாசிக்க முடியும் என்று காட்டவும் செய்தார். ரெசனன்ஸ் என்ற குமிழை முழுக்கத் திருப்பினால், உள்ளே எந்தச் சத்தமும் அனுப்பாமலே ஃபில்டர் தானாக விசில் அடிக்கும். சுத்தமான, ஒற்றை இழை மாதிரியான விசில். அந்த எல்லைக்குச் சற்று முன்னால் குமிழை நிறுத்தி, வோல்டேஜால் லேசாக ஒரு குத்துக் குத்தினால் 'டொக்' என்று ஒலிக்கும். விரல் முட்டியால் மரத்தைத் தட்டிய மாதிரி. விசிலும் டொக்குமாகவே ஒரு முழுப் பாட்டைக் கட்டலாம் என்பார்.

முதல் நிலைத் தேர்வும் அதுதான். ஃபில்டர்களை மட்டும் வைத்து மூன்று நிமிட இசை. வேறு எந்தச் சத்தமும் கூடாது.

அந்தத் தேர்வில் நான் இரண்டு தடவை தோற்றிருந்தேன். மூன்றாவது தடவையும் தோற்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். என் இடத்துக்கு ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வீட்டில் அக்கா அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

"ஏய், ரெண்டு தடவ போச்சு. மூணாவதும் போச்சுன்னா சாயங்காலம் பாப்பாவ நீதான் பாத்துக்கணும். நான் நைட் ஷிஃப்ட் எடுத்துக்குறேன். சரியா?"

"பாஸ் பண்ணிட்டா?"

"பண்ணிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ பண்ண மாட்டடி, அதான் தைரியமா சொல்றேன்."

அத்தான் சிரித்தார். பாப்பாவும் ஏன் என்று தெரியாமல் சிரித்தது. வாரத்தில் அந்த நான்கு மணி நேரம் மட்டும்தான் எனக்கென்று இருந்தது. மூன்றாவது தேர்வுக்கு நவம்பர் 21 என்று நாள் குறித்தாகிவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய். நான்காம் எண் மெஷின். முதல் ஃபில்டரை விசிலுக்கும் இரண்டாவது ஃபில்டரை டொக்குக்கும் வைத்தேன். இரண்டாவதைக் குத்துவதற்கு, ஒழுங்கான இடைவெளியில் வோல்டேஜ் அனுப்புகிற தாளப் பலகையிலிருந்து ஒரு கேபிள். டொக் வரவில்லை. 'ப்ச்' என்று வந்தது, நாக்கைச் சப்புக்கொட்டுகிற மாதிரி. குமிழை மாற்றினேன். ப்ச். கேபிளை மாற்றினேன். ப்ச். நாற்பது நிமிடம் இதே கதை. மெஷினே என்னைப் பார்த்து அலுத்துக்கொள்வது போல இருந்தது.

7:12க்கு வெறுத்துப்போய்த் தாளக் கேபிளைப் பிடுங்கி மேசையில் போட்டேன். விசிலையாவது சரிபார்ப்போம் என்று முதல் ஃபில்டரைத் திருப்பினேன்.

விசில்.

டொக்.

அழகான டொக். நாற்பது நிமிடமாக நான் கேட்டுக் கெஞ்சிய அதே டொக். ஆனால் இரண்டாவது ஃபில்டரின் உள்ளே போகும் ஓட்டையில் கேபிளே இல்லை.

எங்கோ கசிகிறது என்றுதான் நினைத்தேன். மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விசிலைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. பத்து தடவை திருப்பினார். ஒன்றும் இல்லை.

"வரலையேம்மா."

"இப்ப வந்துச்சு மாஸ்டர்."

"நீதான் காது டெஸ்ட் பண்றவ. ஒன்னோடத யாரு டெஸ்ட் பண்றா?"

பக்கத்து மேசையில் லிஃப்ட் அண்ணன் தோளைக் குலுக்கிச் சிரித்தார். பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு.

"கவலப்படாத. லிஃப்டும் இப்படித்தான். நான் போய் நின்னா ஒழுங்கா ஓடும். பில்லுல கையெழுத்து வாங்கிட்டுத் தெருவுக்கு வந்தா, பின்னாடியே ஃபோன் வரும்."

மாஸ்டர் போனதும் திருப்பினேன். விசில். டொக். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி. எல்லாக் கேபிளையும் மாற்றினேன். டொக். மெஷினை அணைத்துப் போட்டேன். டொக். பொறுமை போய், இரண்டாம் எண் மெஷினுக்கு மாறினேன். அது வேறு பெட்டி, வேறு மின்சாரப் பிளக். அங்கும் விசில், டொக். ஆக, கோளாறு மெஷினில் இல்லை. மெஷினில் இல்லையென்றால் என்னிடம்தான். அன்றைக்கு நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: 'எனக்குத் தெரியாத ஏதோ ஒரு தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்.'

7:50க்கு லிஃப்ட் அண்ணனைக் கெஞ்சி ஹெட்போனை மாட்டவைத்தேன். இந்தத் தடவை குமிழை நான் திருப்பினேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் தாமதமாக இறங்கியது.

"வருது."

"வருதுல்ல?"

"வருது. இரு, நான் திருப்புறேன்." அவர் திருப்பினார். வரவில்லை. "நீ திருப்பு." வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒன் கைக்குத்தான் பதில் சொல்லுது. கை ராசி. இதுக்கு மேல என்னைய இழுக்காத."

பதில் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்துதான் முதலில் வந்தது.

நவம்பர் 11, செவ்வாய். விசிலுக்கும் டொக்குக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பதிவுசெய்து அளந்தேன். கசிவு என்றால் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். 0.6 விநாடி. 0.9. 0.7. 1.1. 0.8.

இந்த எண்களை எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். சத்தம் காதில் விழுந்து, 'கேட்டுச்சா?' என்று மனசு ஒரு கணம் யோசித்து, விரல் அமுங்குகிற நேரம் அது. எந்த மெஷினும் அப்படித் தயங்காது.

என்னையே நம்பாமல், மையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் வைக்கிற சோதனைகளை வைத்தேன். ஒழுங்கான இடைவெளியில் சத்தம் கொடுத்தால் சிலர் ஊகித்து அமுக்குவார்கள். அதனால் தாறுமாறாகக் கொடுத்தேன். மூன்று விநாடி, ஒன்பது விநாடி, இரண்டு விநாடி. ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. பிறகு விசிலின் கேபிளைக் கழற்றிவிட்டுக் குமிழை மட்டும் சும்மா திருப்பினேன்.

பதில் இல்லை.

கேபிளைச் செருகித் திருப்பினேன். டொக்.

அது என் கையைப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்கிறது.

அப்புறம் நான் செய்ததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. கை பழகிய வேலை. பத்து குறைத்தேன். டொக். விசிலை நிறுத்திவிட்டு மறுபடி பத்து குறைத்தேன். டொக். பத்து குறைத்தேன். பதில் இல்லை. ஐந்து கூட்டினேன்.

டொக்.

7:20லிருந்து 7:58 வரை. கனத்த விசிலில் தொடங்கி, கீச்சு விசில் வரை போனேன். நோட்டில் புள்ளி வைத்தேன். நடுவில் ஒரு தடவைகூட இல்லாத சத்தத்துக்குத் தட்டவில்லை. மையமாக இருந்தால் 'நல்ல நோயாளி' என்று குறித்திருப்பேன். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வந்தது. கனத்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது. மேலே போகப் போகக் கோடு கிணற்றுக்குள் விழுகிறது. கடைசிக் கீச்சுச் சத்தத்துக்குப் பதிலே இல்லை. பெரிய மெஷின்களுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்று வேலை பார்த்தவர்களின் கோடு அது.

பேனாவை மூடினேன். 7:59.

டொக்... டொக்.

நான் விசில் கொடுக்கவில்லை.

'முடிஞ்சுதா?' என்று அறைக்குள்ளிருந்து பரிசோதனைக்கு வந்தவர்கள் பட்டனை இரண்டு தடவை அமுக்கிக் கேட்பார்கள். அதே மாதிரி இருந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பை எடுக்கக்கூட நிற்காமல் நான்கு மாடியும் படியில் இறங்கினேன். அண்ணனுடைய லிஃப்டை அன்றைக்கு நம்பத் தோன்றவில்லை.

இதோடு வகுப்பை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்குப் போனதும் அக்கா, "என்னடி, வேர்த்து ஊத்துது? இப்பவே தோத்துட்டியா?" என்றாள். பயமெல்லாம் போய் எரிச்சல்தான் மிஞ்சியது. பத்து நாள்தான் பாக்கி. கையில் பாட்டு இல்லை. நான் அனுப்புகிற தாளத்துக்கு 'ப்ச்' என்கிற ஃபில்டர், கேட்காதபோது மட்டும் தட்டுகிறது.

நவம்பர் 14, வெள்ளி. 'தட்டுவதை நிறுத்து' என்று தலைப்பே எழுதிவைத்துவிட்டுத் தொடங்கினேன். இரண்டாவது ஃபில்டரின் ரெசனன்ஸைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். இனி எந்தக் குத்துக்கும் அது ஒலிக்கக் கூடாது. விசிலை எடுத்தேன். டொக். கோபத்தில் விசிலை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். 7:31க்கு, கோடு கிணற்றில் விழுகிற அந்த இடத்தில், குமிழை முழுக்கத் திருப்பி அப்படியே விட்டேன்.

டொக். டொக்டொக். டொக்டொக்டொக்டொக்...

நான் நிறுத்தியதும் அதுவும் நின்றது.

விசிலின் கேபிளைப் பிடுங்கப் போனேன். ஆனாலும் காதில் ஒன்று தங்கிவிட்டது. நன்றாக இருந்தது. விசிலும் அதன் மேல் அந்தத் தவிப்பான தட்டலும்... தாளப் பலகையால் ஒருநாளும் அப்படி வாசிக்க முடியாது.

மாஸ்டர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு காதில் என் ஹெட்போனை வைத்துக் கேட்டிருக்கிறார்.

"இது எப்படிம்மா? கேள்வி கேட்டு, பதில் வாங்குற மாதிரி இருக்கு. இதையே மூணு நிமிஷம் பண்ணு. பாஸ்."

"இது நான் பண்ணல மாஸ்டர். அதுவா வருது."

"எல்லாருக்கும் நல்லது அதுவாத்தான் வரும். பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 18, செவ்வாய். ஒத்திகை. அன்றைய பக்கத்தை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதியதை எழுதியபடி சொல்கிறேன்: '7:35. டொக் இன்று மந்தம். தாமதமாக வருகிறது. லேசாக வருகிறது. ஒரு விசிலுக்கு வரவே இல்லை. விடவில்லை. அதே விசிலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். பதினோராவது தடவை வந்தது. வெள்ளிக்கிழமை இப்படிச் சோம்பல் காட்டினால் நான் காலி.'

சோம்பல் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி. தேர்வுக்கு ஹெட்போன் கிடையாது. அறையின் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் எல்லோரும் கேட்பார்கள். என் முறை மூன்றாவது. 7:41.

முதல் விசில். டொக்.

ஸ்பீக்கரில் அது இன்னும் கிட்டத்தில் கேட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து தட்டுகிற மாதிரி.

பதில் வந்ததும் சத்தத்தை நிறுத்திவிடுவது என் தொழில் பழக்கம். ஒத்திகையிலும் என்னையறியாமல் அப்படித்தான் செய்திருந்தேன். அன்று நிறுத்தவில்லை. பாட்டுக்குத் தொடர்ச்சி வேண்டும். விசிலை இழுத்தேன். இரண்டாவது ஃபில்டர் தட்டியது. இழுத்தேன். மறுபடி தட்டியது. வோல்டேஜை மெல்ல ஏற்றி, விசிலை அந்தக் கிணற்று இடத்துக்குக் கொண்டுபோய், சத்தத்தையும் கூட்டினேன்.

டொக்டொக். டொக்டொக்டொக்.

தட்டல் சத்தம் மாறியது. முதலில் காய்ந்த மரம். பிறகு... ஈரமான ஏதோ.

நான் நிறுத்தவில்லை. மூன்று நிமிடம் வேண்டும்.

7:44க்குக் குமிழை மூடினேன். விசில் நின்றது.

தட்டல் நிற்கவில்லை.

டொக்... டொக்... டொக்...

பதினொரு விநாடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஏதோ தேய்ந்தது. நாற்காலி இழுபடுவது போல.

பிறகு ஒன்று விழுந்தது. கனமாக.

அவ்வளவுதான்.

லிஃப்ட் அண்ணன்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் எல்லோரும்.

"அந்தக் கடைசிச் சத்தம்... அத எந்த ஃபில்டர்ல எடுத்த?" மாஸ்டரின் குரலில் பொறாமைகூட இருந்தது.

"தெரியல மாஸ்டர்."

"தெரியலன்னு வெளிய சொல்லாத. பாஸ் ஆகிட்ட."

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் முகத்தை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டாள்.

நவம்பர் 25 முதல் இரண்டாம் நிலை வகுப்பு. முதல் நாளே விசிலை எடுத்துப் பார்த்தேன். பதில் இல்லை. தாளக் கேபிளைச் செருகினேன். டொக். புத்தகத்தில் உள்ளபடி, அனுப்பிய குத்துக்கு ஒரு டொக். கேபிளைப் பிடுங்கினால் மௌனம். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மெஷின்கள் எல்லாம் யோக்கியமாக இருக்கின்றன. எங்கோ ஒரு கம்பி தானாகச் சரியாகிவிட்டது என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

பிப்ரவரியில் எங்கள் மையத்தில் பழைய காகிதக் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை வந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய கட்டு என் பங்குக்கு. நான் அங்கே சேர்வதற்கு இரண்டு வருடம் முந்தையவை. தினமும் முப்பது கோப்பு. ஒரு வியாழக்கிழமை, பகல் 11:20க்கு, ஒரு கோட்டைப் பார்த்துக் கை நின்றது.

கனத்த சத்தங்கள் சரி. மேலே போகப் போகக் கிணறு. கடைசிப் புள்ளி இல்லை.

இந்த மாதிரிக் கோடு ஊரில் நூறு பேருக்கு இருக்கும். எனக்குத் தெரியும். இருந்தாலும் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். வகுப்பு ஹெட்போனில் அளவுகள் துல்லியமாக இருக்காது. ஆனால் கோட்டின் வளைவு ஒன்றேதான். ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

கடைசல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வயது ஐம்பத்தெட்டு. காதில் இரைச்சல் என்று வந்திருக்கிறார். கோப்போடு ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சின்ன நோட்டு இருந்தது. இரைச்சல் உள்ளவர்களிடம் மையத்தை நடத்துகிற எங்கள் மேடம் அப்படித்தான் எழுதிவரச் சொல்வார்: எப்போது வருகிறது, எப்போது போகிறது, எப்படி இருக்கிறது. மூன்று கட்டம்.

கோப்பை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

"மேடம், இவர ஞாபகம் இருக்கா?"

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ஓ... இவரா. பாவம். 'இங்க டெஸ்ட் எடுத்தீங்க, சரி. வீட்டுக்கும் ஏன் வந்து எடுக்குறீங்க'ன்னு என்கிட்ட சண்ட போட்டாரு. சாயங்காலம் ஆனா யாரோ டெஸ்ட் பண்றாங்களாம். இரைச்சல்தான்னு எவ்வளவு சொல்லியும் கேக்கல."

"அப்புறம் என்ன ஆச்சு மேடம்?"

"அப்புறம் அவரு வரல. பொண்ணு வந்து இந்த நோட்டக் குடுத்துட்டு, 'இத நீங்களே வெச்சுக்கோங்க'ன்னு அழுதுட்டுப் போச்சு. ஏன் கேக்குற?"

"சும்மா மேடம்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து படித்தேன். சின்னச் சின்ன, ஒழுங்கான எழுத்து. என்னைப் போல நேரம் குறிப்பதில் கண்டிப்பானவர்.

நவம்பர் 4. 7:12. விசில். மேசையைத் தட்டினேன். நின்றது.

நவம்பர் 7. பல தடவை. 7:50க்கும். தட்டினால் நிற்கிறது. மகளுக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 11. 7:20 முதல் 7:58 வரை. ஆஸ்பத்திரியில் செய்த மாதிரியே குறைத்துக் குறைத்து வைக்கிறார்கள். ஒழுங்காகப் பதில் சொன்னால் முடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். முடிந்ததா என்று கேட்டேன். பதில் இல்லை.

நவம்பர் 14. 7:31. மிகச் சத்தம். தாங்க முடியவில்லை.

நவம்பர் 18. 7:35. உடம்பு முடியவில்லை. தட்டாமல் இருந்து பார்த்தேன். விடவில்லை. பதினொரு தடவை.

வருடம் மட்டும்தான் வேறு.

கடைசிப் பதிவின் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தன.

நவம்பர் 21. இடது கையால் எழுதுகிறேன். வலது கை தட்டிக்கொண்டிருக்கிறது. தட்டியும் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை.

'எப்போது வருகிறது' என்ற கட்டத்தில் 7:41 என்று இருந்தது.

'எப்போது போகிறது' என்ற கட்டம் காலி.